ஜி பியூகிளா, பி-ஃபிளாட் வரிசையா? அணிவகுப்பு பிராஸ் குழுவுக்கு வாத்தியம் வாங்கும் முன்

அமெரிக்காவின் டிரம் அண்ட் பியூகிள் கோர் (பிராஸ் எனப்படும் பித்தளை ஊது வாத்தியங்களும் தாள வாத்தியங்களும் மட்டும் கொண்ட அணிவகுப்புக் குழு) வட்டாரத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. பழைய ஜி பியூகிள்களின் (ஜி சுருதியில் அமைந்த பித்தளைக் கொம்புகள்) முழக்கம் இப்போதைய பி-ஃபிளாட் வாத்தியங்களில் வருமா, வராதா என்பதுதான் அது. பழைய உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் குழுக்களும், ஊர்வலங்களுக்கு மட்டும் வாசிக்கும் சிறு குழுக்களும் இன்றும் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது. பயன்படுத்திய ஜி வாத்தியங்கள் செட்டாக, குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அதே பணத்துக்குப் புதிய பி-ஃபிளாட் வாத்தியங்கள் என்றால் பாதி எண்ணிக்கைகூடத் தேறாது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சத்தத்தின் நிறத்தைத் தீர்மானிப்பதில் சுருதிக் கட்டைக்கு உள்ள பங்கு, பலரும் நினைப்பதைவிடச் சிறியது. குழாயின் உள்விட்டம், அது விரியும் விதம், பெல்லின் (வாத்தியத்தின் விரிந்த வாய்) அகலம், மவுத்பீஸ் (உதடு வைத்து ஊதும் கிண்ணம்) ஆகியவற்றின் பங்கு பெரியது. கட்டை தீர்மானிப்பது வேறு இரண்டு விஷயங்களை: எந்தச் சுரம் எளிதாக விழும், எந்தச் சுரம் பக்கத்து வாத்தியத்தோடு இடிக்கும். வாங்கும் முடிவு இந்த இரண்டையும் வைத்துத்தான் எடுக்கப்பட வேண்டும்.

நம் கணக்கில் ஜி என்பது 5 கட்டை, பி-ஃபிளாட் 6½ கட்டை, எஃப் 4 கட்டை. பழைய கோர்களில் மேல்குரல் சொப்ரானோ முதல் அடிக்குரல் கான்ட்ராபாஸ் வரை எல்லாமே 5 கட்டை, ஆக்டேவ் மட்டும் மாறும். ஆரம்பத்தில் வால்வே (அழுத்தினால் குழாயின் நீளத்தைக் கூட்டிச் சுரத்தை இறக்கும் விசை) கிடையாது. பிறகு படுக்கைவாட்டில் ஒரு பிஸ்டன் வந்தது, அதற்குத் துணையாக ஒரு ரோட்டர் (சுழலும் வால்வு) வந்தது. போட்டிகளை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு 1977-இல் இரண்டு வால்வுகளையும், 1990-இல் மூன்றாவது வால்வையும் அனுமதித்தது. 2000-ஆம் ஆண்டு சீசனிலிருந்து எந்தக் கட்டையிலும் வாசிக்கலாம் என்று விதி தளர்ந்தது. அதன்பின் போட்டிக் குழுக்கள் வரிசையாக பி-ஃபிளாட் டிரம்பெட், நடுக்குரலுக்கு எஃப் மெல்லஃபோன், பி-ஃபிளாட் பேரிடோன் மற்றும் யூஃபோனியம், பி-ஃபிளாட் டியூபா என்ற அமைப்புக்கு மாறின. அமெரிக்க மரைன் படையின் டிரம் அண்ட் பியூகிள் கோர் மட்டும் மரபை விடாமல் இரண்டு வால்வு ஜி பியூகிள்களோடு தொடர்ந்தது.

நீளமும் பிசிறும்

பி-ஃபிளாட் டிரம்பெட்டின் குழாய் நீளம் சுமார் 148 செ.மீ. ஜி சொப்ரானோ அதைவிட ஒன்றரை கட்டை கீழே, எனவே சுமார் 176 செ.மீ. எஃப் மெல்லஃபோன் கிட்டத்தட்ட 2 மீட்டர். வால்வை அழுத்தாமல் உதட்டால் மட்டும் கிடைக்கும் சுரங்களைப் பார்ஷியல் என்பார்கள். மேலே போகப் போக இவை ஒன்றுக்கொன்று நெருங்கிக்கொண்டே வரும். குழாய் நீளமானால், அதே சுரம் இன்னும் உயர்ந்த, இன்னும் நெருக்கமான பார்ஷியலில் போய் உட்காரும்.

மேல் ஸ்தாயியில் டிரம்பெட் பகுதிக்கு அடிக்கடி வரும் கான்சர்ட் எஃப் சுரத்தை (காதில் உண்மையில் ஒலிக்கும் எஃப், 698 ஹெர்ட்ஸ்) எடுத்துக்கொள்வோம். பி-ஃபிளாட் டிரம்பெட்டில் இது ஆறாம் பார்ஷியல், வால்வே வேண்டாம். கீழே இருக்கும் பார்ஷியல் 316 சென்ட் (அரைச் சுரத்துக்கு 100 சென்ட்) தள்ளி இருக்கிறது, மேலே இருப்பது 267 சென்ட். ஜி சொப்ரானோவில் இதே சுரம் முதல் வால்வை அழுத்திய எட்டாம் பார்ஷியல். கீழே 231 சென்ட், மேலே 204 சென்ட்தான் இடைவெளி. உதடு கொஞ்சம் தவறினாலும் பக்கத்துச் சுரம் விழுந்து பிசிறு தட்டும். ஓடிக்கொண்டே வாசிக்கும் பையனுக்கு இந்த 60 சென்ட் வித்தியாசம் பெரிய விஷயம். ஜி வரிசையில் உச்ச ஸ்தாயிக்கு அனுபவஸ்தர்களை மட்டுமே நிறுத்த வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்த் திசையில் போகும் வழியும் இருக்கிறது. 1934 முதல் முழுக்க பிராஸும் தாள வாத்தியமுமாக இயங்கும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக மார்ச்சிங் பேண்டில் உச்ச ஸ்தாயிக்கு ஈ-ஃபிளாட் கார்னெட் வைத்திருக்கிறார்கள். அதில் மேற்சொன்ன எஃப் ஐந்தாம் பார்ஷியலில் முதல் வால்வோடு வந்துவிடும். பத்திரமாக விழும், ஆனால் நாதம் மெலிந்து கூர்மையாகும். ஒரு குழுவில் இரண்டு மூன்று பேர் வாசித்தால் போதும். புதிதாகத் தொடங்கும் குழு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒரே கட்டை, இரண்டு குரல்

நிறம் கட்டையில் இல்லை என்பதற்கு ஜி வரிசைக்குள்ளேயே சான்று இருக்கிறது. ஜி சொப்ரானோவும் ஜி மெல்லஃபோன் பியூகிளும் ஒரே கட்டை, ஒரே ஆக்டேவ், ஏறத்தாழ ஒரே நீளம். ஆனாலும் கண்ணை மூடிக் கேட்டாலே வேறுபாடு தெரியும். சொப்ரானோவின் குழாய் வெகுதூரம் நேராக ஓடி, கடைசியில்தான் விரிகிறது. மெல்லஃபோனில் விரிவு முன்கூட்டியே தொடங்கி, பெல் இரண்டு மடங்கு அகலமாகிறது. மவுத்பீஸின் கிண்ணமும் ஆழம்.

பெல்லின் அகலம் மைதானத்தில் செய்யும் வேலையைக் கணக்கிட்டே பார்க்கலாம். பெல்லின் சுற்றளவு ஒலியலையின் நீளத்தைத் தாண்டும் இடத்திலிருந்துதான் ஒலி முன்பக்கமாகக் குவியத் தொடங்கும். டிரம்பெட் பெல் சுமார் 12.3 செ.மீ. விட்டம், சுற்றளவு 39 செ.மீ. எனவே 900 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் குவிகிறது. மெல்லஃபோன் பெல் 26 செ.மீ. என்றால் 420 ஹெர்ட்ஸிலேயே குவிய ஆரம்பித்துவிடும். நடு ஸ்தாயியில் இருக்கும் வாத்தியம் பார்வையாளர் பகுதிக்கு நேராகப் பாயும் காரணம் இதுதான். அதே காரணத்தால், பத்து மெல்லஃபோன்களில் ஒன்றின் பெல் மட்டும் சற்றுத் திரும்பியிருந்தாலும் அது தனியாகக் காதில் விழும் அல்லது காணாமல் போகும். பெல் கோணத்தைப் பயிற்சியில் எல்லோருக்கும் முன்பாக இவர்களிடம் சரிபார்க்க வேண்டும்.

ஜி வரிசை "பெரிய சத்தம்" என்று பெயர் வாங்கியதில் அகலமான பெல்லுக்கும் பெரிய உள்விட்டத்துக்கும் முக்கியப் பங்கு உண்டு. இன்னொரு காரணத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த வாத்தியங்களில் பலவற்றில் சுருதி ஒன்றுக்கொன்று சிறிது விலகியே இருந்தது. நாற்பது பேர் லேசான விலகலோடு உரக்க ஊதினால் காதுக்கு அது அகன்ற, கரகரப்பான முழக்கமாகக் கேட்கும். ஊர்வலத் தெருவில் அந்த முழக்கத்துக்குத் தனி அழகு உண்டு. நான்கு பாகமாகப் பிரிந்து மெதுவாக வாசிக்கும் பகுதியில் அதே விலகல் கலங்கலாகிவிடும்.

மூன்றாம் சுரத்தில் நடக்கும் மோதல்

ஜி வரிசைக்கு உண்மையான பலம் இருக்கும் இடம் இது. அதைப் பலரும் சத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

ஐந்தாம் பார்ஷியல் எல்லா பிராஸ் வாத்தியத்திலும் சம சுருதியைவிட (சுருதி காட்டும் டியூனர் கருவியின் அளவைவிட) 14 சென்ட் தாழ்வாக இருக்கும். இதைக் குறை என்று மட்டும் பார்க்கக் கூடாது, ஏனென்றால் தூய மேஜர் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மூன்றாம் சுரம் சரியாக அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். ஜி வரிசையில் ஜி மேஜர் கார்ட் வாசித்தால் பி என்ற மூன்றாம் சுரம் எல்லோருக்கும் ஓப்பன் (வால்வை அழுத்தாத) ஐந்தாம் பார்ஷியல். எல்லோரும் ஒரே அளவு தாழ்கிறார்கள், கார்ட் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டில் வரும் ரீங்காரம்தான் பழைய ரசிகர்கள் மறக்க முடியாமல் பேசுவது.

இப்போதைய வரிசையில் பி-ஃபிளாட் மேஜர் கார்டைப் பாருங்கள். மூன்றாம் சுரம் கான்சர்ட் டி. டிரம்பெட்டுக்கு அது ஓப்பன் ஐந்தாம் பார்ஷியல், 14 சென்ட் தாழ்வு, கார்டுக்குப் பொருத்தம். எஃப் மெல்லஃபோனுக்கு அதே சுரம் எழுத்தில், அதாவது பாகப் பிரதியில், ஏ. முதல் வால்வும் இரண்டாம் வால்வும் சேர்த்து அழுத்த வேண்டும். அந்தச் சேர்க்கை இயல்பாகவே சுமார் 10 சென்ட் ஏறி ஒலிக்கும். இருவருக்கும் நடுவே 24 சென்ட் இடைவெளி. மெல்லஃபோன்காரர் மூன்றாம் வால்வை மட்டும் அழுத்தினால் சுருதி இறங்கி ஒத்துப்போகும். நீண்ட கார்ட்களுக்கு இதைப் பாகப் பிரதியிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. வேகமான ஓட்டத்தில் வழக்கமான விரல்களே போதும்.

ஆக, பி-ஃபிளாட்–எஃப் வரிசைக்கு மாறும் குழு, ஜி வரிசை இலவசமாகக் கொடுத்த ஒத்திசைவைப் பயிற்சியால் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்ட முடியும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே கூடும் குழுவுக்கு அது கடினம்.

வால்வுகள்: எது இல்லை, எது ஏறுகிறது

மலிவாகக் கிடைக்கும் ஜி செட்களில் பல இரண்டு வால்வு வாத்தியங்கள். முழுச் சுரத்துக்கு ஒன்று, அரைச் சுரத்துக்கு ஒன்று. எழுத்தில் நடு சி-க்கு மேலே டி-ஃபிளாட், டி, ஈ-ஃபிளாட், ஏ-ஃபிளாட் ஆகிய நான்கும் கிடைக்காது. அடுத்த ஆக்டேவில் ஏ-ஃபிளாட் மட்டும் சரியான சுருதியில் விழாது, மற்ற எல்லாம் கிடைக்கும். சொப்ரானோவுக்கு இது பெரிய தொல்லை இல்லை, அவர்கள் மேலேதான் வாசிக்கிறார்கள். பேரிடோனுக்கும் கான்ட்ராபாஸுக்கும்தான் அடிவயிற்றில் அடி. கடையில் விற்கும் பாட்டுகளை அப்படியே வாசிக்க முடியாது, ஒவ்வொன்றையும் மாற்றி எழுத வேண்டும். எழுதித் தர ஆள் இல்லாத குழு இரண்டு வால்வு செட்டைத் தொடவே கூடாது. மூன்று வால்வு ஜி செட் கிடைத்தால் மட்டும் பேச்சைத் தொடரலாம்.

மூன்று வால்வு இருந்தாலும் கணக்கு முழுதாகச் சேராது. டிரம்பெட்டின் 148 செ.மீ. குழாயில் இரண்டாம் வால்வு 8.8 செ.மீ., முதல் வால்வு 18.1 செ.மீ., மூன்றாவது 28 செ.மீ. குழாயைச் சேர்க்கிறது. முதலும் மூன்றும் சேர்ந்தால் 46.1 செ.மீ., தேவைப்படுவதோ 49.5 செ.மீ. 3.4 செ.மீ. குறைவதால் சுருதி ஏறுகிறது. ஸ்லைடுக்கு (இழுத்து நீட்டக்கூடிய U வடிவக் குழாய்) இரண்டு கால் இருப்பதால் மூன்றாம் ஸ்லைடை 1.7 செ.மீ. நீட்டினால் சரி. மூன்று வால்வும் சேர்ந்தால் 3.2 செ.மீ. நீட்ட வேண்டும். தயாரிப்பாளர்கள் மூன்றாம் ஸ்லைடைச் சற்று நீளமாகவே வைத்து இதில் ஒரு பகுதியைச் சமாளிக்கிறார்கள். டிரம்பெட் வாங்கும்போது மூன்றாம் ஸ்லைடு வளையத்தில் விரலை விட்டு, நடந்துகொண்டே நீட்டி மடக்கிப் பாருங்கள். இறுகியிருந்தால் மைதானத்தில் யாரும் அதைத் தொட மாட்டார்கள், கீழ் டி சுரம் ஆண்டு முழுக்க ஏறியே ஒலிக்கும்.

டியூபாவில் இதே பிழை நீளத்தோடு சேர்ந்து பெருகும். 5.5 மீட்டர் குழாயில் முதலும் மூன்றும் சேர்ந்தால் 12 செ.மீ.க்கு மேல் குறைகிறது. தோளில் வைத்துப் பிடித்திருக்கும்போது ஸ்லைடை எட்டவே முடியாது. அதனால்தான் நான்காம் வால்வுக்குப் பணம் கொடுக்கச் சொல்கிறோம். கீழ் கான்சர்ட் சி நான்காம் வால்வில் தனியாக, பி இரண்டும் நான்கும் சேர்ந்து வரும். டிரம்பெட்டில் விலை உயர்ந்த மாடலுக்குப் போகும் பணத்தை இங்கே திருப்புங்கள். அடிச்சுரம் சரியாக நின்றால் மேலே இருப்பவர்கள் தாமாகவே அதன் மேல் வந்து உட்காருவார்கள்.

நடுக்குரலுக்கு எது

குழுவின் நிறத்தை அதிகம் மாற்றும் தேர்வு இது. நடு ஸ்தாயியில் ஒரு கான்சர்ட் எஃப் (349 ஹெர்ட்ஸ்) எடுத்தால் எஃப் மெல்லஃபோனில் அது நான்காம் பார்ஷியல், பி-ஃபிளாட் மார்ச்சிங் ஹார்னில் ஆறாவது, கச்சேரி மேடையின் எஃப் ஃபிரெஞ்ச் ஹார்னில் எட்டாவது. மெல்லஃபோனில் அடுத்த பார்ஷியல் 386 சென்ட் தள்ளி இருப்பதால் குதித்தாலும் ஓடினாலும் சுரம் நிற்கும். மார்ச்சிங் ஹார்னின் குழாய் 2.7 மீட்டர் நீளம். நாதம் உண்மையில் அழகு, ஹார்னுக்கு உரிய பூச்சு அதில் இருக்கிறது. ஆனால் எட்டு பேர் வாசித்தால் இரண்டு பேருக்காவது பிசிறும். மேடை ஹார்னின் பெல் பின்னோக்கி இருப்பதால் அது இந்தப் போட்டியிலேயே இல்லை.

நடக்கும் வேகம் குறைவாக, தேர்ந்த ஹார்ன் கலைஞர்கள் கையில் இருந்தால் மார்ச்சிங் ஹார்ன் எடுக்கலாம். மற்ற எல்லோருக்கும் மெல்லஃபோன்.

மெல்லஃபோன் வாங்குவோர் செய்யும் வழக்கமான தவறு மவுத்பீஸில்தான். ஹார்ன் கலைஞர்கள் தங்கள் பழைய மவுத்பீஸையே அடாப்டர் போட்டுச் செருகுவார்கள். நாதம் மங்கும், மேல் சுரங்கள் நிலைகொள்ளாமல் வழுக்கும். டிரம்பெட் மவுத்பீஸ் போட்டால் மெல்லிய டிரம்பெட்டாகிவிடும். மெல்லஃபோனுக்கென்றே செய்த, கிண்ணம் சற்று ஆழமான மவுத்பீஸை எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்குங்கள். வாத்தியத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பம். மாற்றமோ முதல் நாளிலேயே தெரியும்.

பேரிடோன், யூஃபோனியம், டியூபா, சூசஃபோன்

பேரிடோனும் யூஃபோனியமும் ஒரே கட்டை, ஒரே நீளம், உள்விட்டத்தில்தான் வித்தியாசம். பேரிடோன் தெளிவாகப் பேசும், யூஃபோனியம் டியூபாவோடு கலக்கும். எல்லாவற்றையும் யூஃபோனியமாக வாங்கினால் வேகமான பகுதிகள் குழம்பும், தவிர அது கனம். கை தளரும்போது பெல் கிடைமட்டத்துக்குக் கீழே இறங்கி, சத்தம் புல்லில் போய்ச் சேரும். இளம் வயதினர் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பேரிடோன் இருக்கட்டும். மவுத்பீஸ் தண்டின் அளவைச் சரிபார்க்க மறக்காதீர்கள். பெரிய தண்டை வாத்தியத்தின் சிறிய துளையில் செருகினால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மொத்தச் சுருதியும் குலையும்.

ஜி கான்ட்ராபாஸின் குழாய் கிட்டத்தட்ட 6.5 மீட்டர். ஓப்பன் இரண்டாம் பார்ஷியல் 49 ஹெர்ட்ஸ், பி-ஃபிளாட் டியூபாவில் அது 58 ஹெர்ட்ஸ். நிதானமான கார்டில் அந்த ஆழம் உடம்பில் உணரப்படும். ஆனால் மூச்சு அதிகம் கேட்கும், சுரம் தொடங்கத் தாமதமாகும், அனுபவமில்லாத கலைஞர் தாளத்துக்குப் பின்னாலேயே நிற்பார்.

சூசஃபோனா (உடம்பைச் சுற்றி மாட்டும் டியூபா), தோளில் வைக்கும் டியூபாவா என்பதில் அடிச்சுரத்தின் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பெல்லிலிருந்தும் எல்லாப் பக்கமும்தான் பரவும். வித்தியாசம் சுரத்தின் தொடக்கத்தில் வரும் தெளிவில். தோள் டியூபாவின் பெல் நேராக முன்னே பார்ப்பதால் 'தம்' என்று தொடங்குவது துல்லியமாக எட்டும். ஆனால் முழு எடையும் இடது தோளிலும் கைகளிலும் விழும். மூன்று கிலோமீட்டர் ஊர்வலத்துக்கு சூசஃபோன்தான் சரி, எடை உடம்பைச் சுற்றி இறங்குகிறது. பித்தளை சூசஃபோன் 12 கிலோவைத் தாண்டும். ஃபைபர் கிளாஸ் அதைவிட நன்றாக இலகு, நாதம் சற்று வறண்டிருக்கும்.

யாருக்கு எது

பழைய பாட்டுகளை அதே நிறத்தில் வாசிக்கும் முன்னாள் உறுப்பினர் குழுவுக்கும், பெரும்பாலும் ஒரே சுருதியில் நிற்கும் முழக்கப் பாட்டுகளை வெட்டவெளியில் வாசிக்கும் குழுவுக்கும் மூன்று வால்வு ஜி செட் நல்ல வாங்கல். செட் முழுவதும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டும். உதிரி பாகம் கிடைப்பது சிரமம் என்பதால் பத்துக்கு ஒன்று வீதம் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஜி பியூகிள் செய்துவந்த கான்ஸ்டல் நிறுவனம் 2019-இல் மூடப்பட்டுவிட்டது. ஜி-யையும் பி-ஃபிளாட்டையும் ஒரே குழுவில் கலக்காதீர்கள். கிளாரினெட், சாக்சஃபோன் உள்ள பேண்டுக்கும் ஜி ஆகாது. அவர்களுக்கு இதமான பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட் சுருதிகள் ஜி பியூகிளில் இயல்பாக உட்காராது.

மற்ற எல்லாக் குழுக்களுக்கும் பி-ஃபிளாட்–எஃப் வரிசை. 20 பேர் என்றால் 6 டிரம்பெட், 4 மெல்லஃபோன், 4 பேரிடோன், 2 யூஃபோனியம், 4 டியூபா. பணம் போதவில்லை என்றால் டிரம்பெட்டைக் கலைஞர்களே கொண்டுவரட்டும், பெரும்பாலோரிடம் சொந்தமாக இருக்கும். குழுவின் பணம் மெல்லஃபோனுக்கும் டியூபாவுக்கும் போகட்டும். வெள்ளிப் பூச்சா, லாக்கர் மெருகா என்பது பராமரிப்பு பற்றிய கேள்வி மட்டுமே.

சோதித்து வாங்கும் முறை: ஒவ்வொரு மாடலிலும் மூன்று வாத்தியங்களை ஒரே ஆள், ஒரே மவுத்பீஸில் ஊதட்டும். பத்து நிமிடம் ஊதிச் சூடானபின் டியூனரைத் திருப்பி வைத்துவிட்டு, ஊதுபவர் முள்ளைப் பார்க்காமல், இரண்டாம் பார்ஷியலிலிருந்து எட்டாவது வரை ஊத, இன்னொருவர் விலகலைக் குறிக்கட்டும். ஐந்தாவது 14 சென்ட் அளவுக்குத் தாழ்வது இயல்பு. ஏழாவது 31 சென்ட் தாழும், அதை யாரும் வாசிப்பதில்லை. ஆறாவது 10 சென்ட்டுக்கு மேல் ஏறினால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். மூன்று வாத்தியங்களும் ஒரே சுரத்தில் ஒரே பக்கம் விலகுகின்றனவா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். ஒரே மாதிரி விலகினால் பயிற்சியில் திருத்தலாம், ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் திருத்த வழியில்லை. பயன்படுத்திய வாத்தியம் என்றால், வால்வை அழுத்தியபடியே அதன் ஸ்லைடை உருவிவிட்டு, வெளியே போகும் துளையை விரலால் மூடி ஊதிப் பாருங்கள். காற்று சீறினால் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது. ஜி பியூகிள் ரோட்டரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கடகடத்தால் அதைச் சரிசெய்யும் செலவு வாத்தியத்தின் விலையைத் தாண்டிவிடும்.

வாங்கியபின், வெயிலில் சுருதி சேர்க்கும் வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலி கிட்டத்தட்ட 3 சென்ட் ஏறும். டிரம்பெட்டின் சிறு குழாயை மூச்சுக்காற்றே சூடாக்கிவிடுவதால் அதில் மாற்றம் குறைவு. டியூபா வெளிக்காற்றைப் பின்பற்றும். நிழலில் டியூனர் வைத்துச் சேர்த்துவிட்டு மைதானத்துக்கு வந்தால் அடிச்சுரம்தான் முதலில் நகரும். எனவே நிற்கப்போகும் இடத்திலேயே, டியூபாவிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும்.